டுபாயில் வீடு தேடுகிறீர்களா? வாடகையை மட்டும் பார்க்காதீர்கள்

கடந்த மாதம் ஒரு நாள் அஸருக்குப் பின் கடையில் இருந்தபோது ஊர்ப் பையன் ஒருவர் வந்தார். டுபாயில் கணக்காளர் வேலை கிடைத்திருக்கிறதாம். வீசா, டிக்கட் எல்லாம் கம்பனி பார்த்துக் கொள்ளும். வீடு மட்டும் தர மாட்டார்கள்; அதற்குப் பதிலாக வீட்டுக் கொடுப்பனவு என்று ஒரு தொகையைச் சம்பளத்தோடு சேர்த்துத் தருவார்கள்.

"ஹாஜியார், ஷார்ஜாவில வாடகை குறைவாம். அங்க எடுத்தா மாசம் ஆயிரம் திர்ஹம் மிச்சம் பிடிக்கலாம் எண்டு கூட்டாளிமார் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"வேலை டுபாயில் எந்த இடத்தில்?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. "டுபாய்தான்" என்றார்.

ஷார்ஜா எல்லையில் இருக்கும் அல் நஹ்தாவிலிருந்து மறுகோடியில் இருக்கும் ஜெபல் அலிக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். கொழும்பிலிருந்து களுத்துறையைத் தாண்டும் தூரம். இரண்டும் ஒரே டுபாய்தான். வேலைத்தலம் எங்கே என்று தெரியாமல் வீடு எங்கே எடுப்பது என்று கேட்பது, என்ன சரக்கு விற்பது என்று முடிவெடுக்காமல் கடை தேடுவது போன்றது.

நான் 1990களின் நடுப்பகுதியில் மூன்று வருடங்கள் டுபாயில் தேரா பக்கம் வேலை செய்தவன். பத்துப் பேர் தங்கிய அறையில் ஒரு கட்டில் எனக்கு. இன்றைய டுபாய் வேறு, சட்டங்களும் வேறு. அதை எனக்குக் கற்றுத் தந்தது எனது தங்கையின் மகன் பட்ட கஷ்டம். அந்தப் பையனுக்குச் சொன்னதை, வெளிநாட்டுக்குப் போக ஆயத்தமாகும் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இந்த வாரம் எழுதுகிறேன்.

மருமகனின் கதை

அவன் 2023 இல் போனான். வேலை ஜெபல் அலியில். ஊர்க்காரர் சிலர் ஷார்ஜாவில் ரோலா பக்கம் இருந்ததால் அவர்களோடு சேர்ந்து கொண்டான். வாடகை குறைவு, சாப்பாடு நம் சாப்பாடு, பேச்சுத் துணைக்கும் ஆள் உண்டு. ஆனால் காலை ஐந்து மணிக்கு அறையை விட்டு இறங்கினால் இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்புவான்.

ஆறு மாதம் போனதும் மனைவியையும் கைக்குழந்தையையும் எடுப்பிக்க விரும்பினான். விளம்பரம் ஒன்றைப் பார்த்தான். தேராவில் ஓர் அறை வீடு. சுற்றுவட்டாரத்தில் உள்ள வாடகையை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. தரகர் என்று வந்தவர் வீட்டைத் திறந்து காட்டினார். "இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே முற்பணம் கட்டினால் உங்களுக்கு" என்றார். இவன் 4,500 திர்ஹம் ரொக்கமாகக் கொடுத்தான். அச்சடித்த பற்றுச்சீட்டும் கிடைத்தது.

மாதம் முதலாம் திகதி சாமான்களோடு போனால், அதே கதவடியில் இன்னும் நான்கு குடும்பங்கள் சாமான்களோடு நிற்கின்றன. அந்த ஆள் சில நாட்களுக்கு மட்டும் வீட்டை வாடகைக்கு எடுத்து, வந்தவர்கள் எல்லோரிடமும் முற்பணம் வாங்கிக் கொண்டு போய்விட்டார். பொலிஸில் முறைப்பாடு செய்தார்கள். பணம் வரவில்லை.

சூடு கண்ட பூனையாகிவிட்ட மருமகன், இனித் தரகரே வேண்டாம் என்று தெரிந்த ஒருவரின் வீட்டில் ஓர் அறையை எடுத்தான். இந்த முறை ஆள் நல்லவர், ஏமாற்று இல்லை. ஆனால் வீட்டு ஒப்பந்தம் அவருடைய பெயரில். மருமகனின் பெயரில் ஒரு துண்டுத் தாளும் இல்லை. மனைவியின் வீசாவுக்கு விண்ணப்பிக்கப் போனபோது கேட்ட முதல் ஆவணங்களில் ஒன்று, அவனுடைய பெயரில் பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம். திரும்பி வந்தான். கையில் இருந்ததும் போய்விட்டதால் மீண்டும் பணம் சேர்த்து, தன் பெயரில் ஒரு வீடு எடுத்து, குடும்பத்தைக் கூப்பிட மேலும் ஏழு மாதங்கள் ஆயின. மகள் முதலடி எடுத்து வைத்ததை அவன் கைத்தொலைபேசியில்தான் பார்த்தான்.

"நானா, காசு போனா உழைச்சுக்கலாம். அந்த ஏழு மாசம் திரும்பி வருமா?" என்று தங்கை என்னிடம் கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஒன்று, வாடகையைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்தது. மற்றது, தன் பெயரில் தாள் இல்லாமல் பணம் கொடுத்தது. மற்ற எல்லாம் இந்த இரண்டின் பின்னால் வந்தவை.

முதலில் வேலைத்தலம், பிறகு பாதை, பிறகு வாடகை

ஷார்ஜாவில் மாதம் ஆயிரம் திர்ஹம் மிச்சம் என்று வைத்துக் கொள்வோம். வருடத்துக்கு 12,000. நல்ல தொகைதான். இப்போது மறுபக்கக் கணக்கைப் பார்ப்போம்.

சொந்த வாகனத்தில் டுபாய்க்குள் வந்தால் 'சாலிக்' என்ற வீதிக் கட்டணம் உண்டு. 2025 ஜனவரி இறுதியிலிருந்து, வேலைக்குப் போகும் வரும் நெரிசல் நேரங்களில் ஒரு வாயிலுக்கு 6 திர்ஹம். போக ஒன்று, வர ஒன்று என ஒரு வாயிலை மட்டும் கடந்தாலும் நாளுக்கு 12; மாதம் 22 வேலை நாட்களுக்கு 264; வருடத்துக்கு 3,168. பெற்றோல், வாகனத் தவணை, காப்புறுதி, வாகனம் நிறுத்தும் கட்டணம் எல்லாம் இதற்கு மேல்.

பணத்தை விடுங்கள். நேரத்தைப் பாருங்கள். ஷார்ஜாவையும் டுபாயையும் இணைக்கும் அல் இத்திஹாத் வீதியின் காலை நெரிசலை அறியாதவர் அங்கே இல்லை. அந்தப் பயணத்தால் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் கூடுதலாகப் போகிறது என்றால், வருடத்துக்கு 528 மணித்தியாலம். அதாவது 22 முழு நாட்கள், இரவும் பகலும் சேர்த்து. அந்நாட்டுத் தொழில் சட்டம் தரும் வருடாந்த விடுமுறையே 30 நாட்கள்தான். ஊருக்கு வந்து குடும்பத்தோடு இருக்கும் நாட்களுக்குக் கிட்டத்தட்டச் சமமான அளவை வீதியில் கழிக்கிறோம்.

அதற்காக ஷார்ஜா கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலை அல் கூஸைஸிலோ விமான நிலையத்தின் பக்கமோ என்றால், ஷார்ஜாவின் அல் நஹ்தா நல்ல தெரிவுதான். வேலை ஷார்ஜாவிலேயே என்றால் சொல்லவே வேண்டியதில்லை. இடம் நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பது வேலைத்தலம்.

வாகனம் இல்லாதவர் மெட்ரோ ரயில் பாதையைக் கையில் வைத்துக் கொண்டு வீடு தேட வேண்டும். 2009 இல் தொடங்கிய சிவப்புப் பாதை ஷேக் ஸாயித் வீதி வழியே ஜெபல் அலி வரை போகிறது. 2011 இல் தொடங்கிய பச்சைப் பாதை அல் கூஸைஸ், தேரா, பர் டுபாய் பக்கங்களை இணைக்கிறது. இன்டர்நெஷனல் சிட்டி என்ற பகுதியில் வாடகை குறைவு என்று நம்மவர் பலர் போகிறார்கள். ஆனால் அங்கே இன்னும் மெட்ரோ இல்லை. அதைத் தொடும் நீலப் பாதை 2029 இல் திறக்கத் திட்டமிடப்பட்டு வேலைகள் நடக்கின்றன. பஸ்ஸை நம்பித்தான் இருக்க வேண்டும்.

என் ஆலோசனை இதுதான். வீட்டைப் பார்க்க வெள்ளிக்கிழமை மாலையில் போகாதீர்கள். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று, அங்கிருந்து வேலைத்தலத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். தரகர் சொல்லாததை அந்த ஒரு பயணம் சொல்லிவிடும்.

வீட்டு வாசலில் காத்திருக்கும் மற்றச் செலவுகள்

நம் நாட்டில் ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்பார்கள். மாதா மாதம் மீதியைக் கொடுப்போம். அங்கே முறை வேறு. வாடகையை வருடக் கணக்கில் பேசுவார்கள். அதை ஒன்று, இரண்டு, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பின்திகதியிட்ட செக்குகளாகக் கொடுக்க வேண்டும். செக்குகளின் எண்ணிக்கை குறையக் குறைய வாடகையைக் குறைத்துப் பேசலாம்.

கணக்குக்காக வருட வாடகை 48,000 திர்ஹம், நான்கு செக் என்று வைத்துக் கொள்வோம். சாவி கையில் வருவதற்கு முன் தேவைப்படும் பணம் எவ்வளவு?

முதல் செக் 12,000. தரகர் கட்டணம் வழமையாக ஐந்து சதவீதம், 2,400. அதற்கு ஐந்து சதவீத வற் வரி 120. பாதுகாப்பு வைப்புப் பணம், தளபாடம் இல்லாத வீட்டுக்கு வழமையாக ஐந்து சதவீதம், 2,400. தளபாடம் உள்ள வீட்டுக்குப் பத்து சதவீதம் கேட்பார்கள். மின்சாரம், நீர் இணைப்புக்கான வைப்புப் பணம் மாடி வீட்டுக்கு 2,000. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய ஏறக்குறைய 220. மொத்தம் 19,140 திர்ஹம்.

ஒரு திர்ஹம் எண்பது ரூபா என்று வைத்தாலும் பதினைந்து இலட்சம் ரூபாவுக்கு மேல். மாதம் 4,000 திர்ஹம் வாடகை என்று நினைத்துக் கொண்டு போகிறவர் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார். பிறகு வங்கியில் வட்டிக்கு எடுக்கிறார், அல்லது கடனட்டையில் இழுக்கிறார். வெளிநாட்டு வாழ்க்கையை வட்டியோடு தொடங்கியவர்கள் அதிலிருந்து மீள வருடக்கணக்கில் பாடுபட்டதை நான் கண்டிருக்கிறேன். கம்பனியிடம் வீட்டுக் கொடுப்பனவை ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ முன்கூட்டித் தருவீர்களா என்று வேலையில் சேரும் முன்பே கேளுங்கள். பல கம்பனிகள் தருகின்றன. கேட்காதவருக்குத் தருவதில்லை.

மாதா மாதம் வரும் செலவிலும் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. டுபாயில் வருட வாடகையின் ஐந்து சதவீதம் வீட்டுக் கட்டணமாகப் பன்னிரண்டாகப் பிரிக்கப்பட்டு மின்சாரப் பட்டியலோடு வரும். மேற்படி வீட்டுக்கு அது மாதம் 200. அடுத்தது குளிரூட்டல். விளம்பரத்தில் 'சில்லர் ஃப்ரீ' என்று இருந்தால் குளிரூட்டலின் செலவு வாடகையில் அடக்கம் என்று பொருள். இல்லையென்றால் தனிக் கம்பனிக்குத் தனிப் பட்டியல், சில இடங்களில் தனி வைப்புப் பணம். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஏசி இல்லாமல் அங்கே இருக்க முடியாது. ஆகவே இரண்டு வீட்டு வாடகைகளை ஒப்பிடும்போது, இதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

யாருடைய பெயரில் தாள்?

இஜாரா என்ற சொல் நமக்குப் புதிதல்ல. வாடகை பற்றிய மார்க்கச் சட்டங்களில் படித்திருக்கிறோம். டுபாயில் வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் முறைக்கு 'இஜாரி' என்று பெயர். 'எனது வாடகை' என்று பொருள். 2010 இல் அறிமுகமானது. அபூதாபியில் இதே வேலையைச் செய்யும் பதிவுக்கு 'தவ்ஸீக்' என்று பெயர். ஷார்ஜாவில் மாநகர சபை ஒப்பந்தத்தை உறுதிப்படுத்துகிறது. அதற்கு வருட வாடகையில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கட்ட வேண்டும்.

இந்தத் தாள் இல்லாவிட்டால் மின்சாரம், நீர் இணைப்பு உங்கள் பெயரில் கிடைக்காது. மனைவி மக்களுக்கு வீசா எடுக்க முடியாது. வீட்டுக்காரரோடு பிணக்கு வந்தால் வழக்காடவும் முடியாமல் தவிப்பீர்கள். குடும்பத்தை அழைக்க 2019 முதல் வைத்திருக்கும் சம்பள நிபந்தனை 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000. "சம்பளம் இருக்கிறதுதானே" என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். சம்பளம் இருந்தும் தாள் இல்லாமல் நின்றவன்தான் என் மருமகன்.

ஆகவே பணம் கொடுக்கும் முன் நான்கு விடயங்களைப் பாருங்கள். முதலாவது, வீட்டின் உறுதிப் பத்திரத்தின் பிரதி. அதில் உள்ள உரிமையாளரின் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றா? இரண்டாவது, உரிமையாளருக்குப் பதிலாக வேறொருவர் கையொப்பமிட்டால் அவரிடம் அற்றோர்னித் தத்துவம் இருக்கிறதா? மூன்றாவது, தரகர் பதிவு செய்யப்பட்டவரா? டுபாய் காணித் திணைக்களம் தரகர்களுக்கு அட்டை கொடுக்கிறது. அதன் 'டுபாய் ரெஸ்ட்' என்ற செயலியில் தரகரின் பதிவைச் சரிபார்க்கலாம். நான்காவது, செக்கை உரிமையாளரின் பெயருக்கு எழுதுங்கள். தரகரின் பெயருக்கு எழுதாதீர்கள். ரொக்கம் கொடுக்கவே வேண்டாம். "இன்றைக்கே கட்டினால்தான்" என்று அவசரப்படுத்துகிறவரிடமிருந்து விலகி விடுங்கள். சந்தை விலையை விட மிகவும் குறைவாக ஒரு பொருள் வந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்பது புறக்கோட்டையில் பெட்டி தூக்கும் பையனுக்கும் தெரியும்.

கட்டிலும் பலகைச் சுவரும்

தனியாகப் போகிறவருக்கு முழு வீடு தேவையில்லை. கட்டில் இடம், அறை என்று தேடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அது ஒன்றும் குறைவில்லை. ஆனால் இன்று சட்டம் இறுக்கமாகியிருக்கிறது.

டுபாயின் 2007 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின்படி, உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வாடகைக்காரர் இன்னொருவருக்கு வாடகைக்கு விட முடியாது. அனுமதி இல்லாமல் பலகைச் சுவர் வைத்து அறைகளைப் பிரிப்பதும் தடை. 2025 ஜூனில் மாநகர சபை அல் ரிக்கா, அல் முரக்கபாத், அல் பர்ஷா, ஸத்வா, அல் ரஃபா பகுதிகளில் இப்படிப் பிரிக்கப்பட்ட வீடுகளுக்கு எதிராகக் கடும் நடவடிக்கை எடுத்தது. ஷார்ஜாவிலும் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் தனி ஆண்கள் கூட்டாகத் தங்கத் தடை உண்டு. சோதனை வந்தால் நீங்கள் கொடுத்த முற்பணம் யாரிடம் இருக்கிறது என்று தேடுவதற்குள் கட்டில் வீதிக்கு வந்துவிடும்.

வெளியேற்றப்படுவது மட்டுமல்ல ஆபத்து. 2023 ஏப்ரல் 15 இல் தேராவின் அல் ராஸ் பகுதியில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் தீப்பற்றி 16 பேர் உயிரிழந்தார்கள். பாதுகாப்பு விதிகள் சரிவரப் பேணப்படவில்லை என்பது முதற்கட்ட விசாரணையில் தெரிய வந்ததாக அதிகாரிகள் கூறினர். நெரிசலான அறையில், வெளியே ஓட வழியில்லாத பலகைச் சுவருக்குள் படுப்பவர் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். நூறு திர்ஹம் குறைவு என்பதற்காக ஜன்னல் இல்லாத இடத்தில் படுக்காதீர்கள்.

அறை எடுப்பதானால், பிரதான வாடகைக்காரரின் இஜாரியைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரையும் கூட வசிப்பவராகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2022 செப்டெம்பரில் காணித் திணைக்களம் கூட வசிப்போரைச் செயலியில் பதியுமாறு அறிவித்தது. "அதெல்லாம் தேவையில்லை தம்பி" என்றால் காரணம் இருக்கிறது என்று புரிந்து கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்க்கும்போது

சுவரின் வர்ணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். குழாயைத் திறந்து நீர் வரும் வேகத்தைப் பாருங்கள். ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். குசினியிலும் மலசலகூடத்திலும் கரப்பான் இருக்கிறதா, ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். படிக்கட்டு தடையில்லாமல் திறந்திருக்கிறதா, தீ எச்சரிக்கை மணி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

காவலாளியை அங்கே நாத்தூர் என்பார்கள். ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து அவரோடு பேசுங்கள். லிஃப்ட் எத்தனை முறை பழுதாகும், உரிமையாளர் திருத்த வேலைகளுக்குப் பணம் கொடுப்பாரா என்பது அவருக்கே தெரியும். முக்கியமாக ஒரு கேள்வி கேளுங்கள்: 2024 ஏப்ரல் 16 இல் இந்த வீதியில் எவ்வளவு தண்ணீர் நின்றது? அன்று அந்த நாட்டில் 75 வருடங்களில் பதிவான மிகப் பெரிய மழை பெய்தது. ஷார்ஜாவின் சில பகுதிகளில் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் வடியாமல் நின்றது. அந்த நாளின் பதில் அந்த இடத்தின் உண்மை நிலையைச் சொல்லும்.

சாவி வாங்கிய அன்றே, சாமான் வைப்பதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் கதவையும் படம் பிடித்து உரிமையாளருக்கு அனுப்பி வையுங்கள். வெளியேறும்போது வைப்புப் பணத்தில் கழிக்கச் சொல்லப்படும் காரணங்களுக்கு அந்தப் படங்கள்தான் உங்கள் சாட்சி.

செக்கை இலேசாக எண்ணாதீர்கள்

செக் திரும்பினால் சிறை என்ற பயம் முன்பு இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து சட்டம் மாறியிருக்கிறது. கணக்கில் போதிய பணம் இல்லாமல் செக் திரும்புவது பெரும்பாலும் குற்றவியல் வழக்காக வருவதில்லை. ஆனால் செக்கை வைத்திருப்பவர் நேரடியாக நிறைவேற்று நீதிபதியிடம் போகலாம். கணக்கு முடக்கம், பயணத் தடை வரை அது போகக் கூடும். ஊரில் மையித்து விழுந்தாலும் விமானம் ஏற முடியாத நிலை வந்தால் என்ன செய்வது?

இன்னொன்று. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு என்றால் இரு தரப்பாரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். இடையில் வேலை போனால் என்ன ஆகும்? முன்கூட்டி வெளியேறினால் இத்தனை மாத வாடகைதான் தண்டம் என்று ஒரு நிபந்தனையைக் கையொப்பமிடும் முன்பே எழுதுவித்துக் கொள்ளுங்கள். ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் என்று பேசலாம். அந்த ஒரு வரி இல்லாததால் வேலை இழந்தவர் வீட்டு வாடகையையும் முழுதாகச் சுமக்க நேரிடுகிறது.

வாடகை கூட்டுவதும் வெளியேற்றுவதும்

உரிமையாளர் நினைத்தபடி வாடகையைக் கூட்ட முடியாது. டுபாயில் ஒப்பந்தம் முடிய 90 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். எவ்வளவு கூட்டலாம் என்பதை 2013 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளை சொல்கிறது. உங்கள் வாடகை அப்பகுதியின் சராசரியை விடப் பத்து சதவீதம் வரை குறைவாக இருந்தால் ஒரு சதமும் கூட்ட முடியாது. அதற்கு மேல் குறைவாக இருந்தால், வித்தியாசத்தின் அளவுக்கேற்ப ஐந்து முதல் அதிகபட்சம் இருபது சதவீதம் வரைதான். 2025 ஜனவரியில் வந்த புதிய வாடகைச் சுட்டெண்ணில் கட்டடத்தின் தரத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஷார்ஜாவில் 2024 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதல் மூன்று வருடங்களுக்கு வாடகையைக் கூட்ட முடியாது. இது ஷார்ஜாவின் பக்கம் இருக்கும் பெரிய நன்மை.

"வீட்டை விற்கப் போகிறேன், எனக்கே தேவை, வெளியேறுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் பயந்து மூட்டை கட்ட வேண்டாம். டுபாயில் அப்படிக் காரணம் காட்டி வெளியேற்ற, நொத்தாரிசு மூலமோ பதிவுத் தபால் மூலமோ பன்னிரண்டு மாத அறிவித்தல் தர வேண்டும். பிணக்கு வந்தால் வாடகைப் பிணக்குகள் நிலையத்துக்குப் போகலாம். கட்டணம் வருட வாடகையில் மூன்றரை சதவீதம். ஆனால் அங்கே போகவும் உங்கள் பெயரில் தாள் வேண்டும்.

கடைசியாக

வந்த உடனே வருட ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டாம் என்று அந்தப் பையனுக்குச் சொன்னேன். முதல் ஒரு மாதத்துக்கு மாத வாடகையில் முறையான ஓர் இடத்தில் தங்குங்கள். அந்த ஒரு மாத வாடகை கூடுதலாக இருந்தாலும் நட்டமில்லை. வேலைத்தலத்துக்குப் போய் வந்து பாதையை அறிந்து கொள்ளுங்கள். வேலை நிலைக்குமா என்றும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வீடு தேடுங்கள்.

மருமகன் இப்போது டிஸ்கவரி கார்டன்ஸில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறான். ஷார்ஜா அறையை விட வாடகை எத்தனையோ மடங்கு கூட. மாத முடிவில் ஊருக்கு அனுப்புவது குறைந்திருக்கிறது என்று தங்கையே சொல்கிறாள். ஆனால் மெட்ரோ நடந்து போகும் தூரத்தில். மாலை ஆறரைக்கு வீட்டில் இருக்கிறான். இஜாரி அவனுடைய பெயரில். சென்ற வாரம் தொலைபேசியில் பேசிக் கொண்டிருந்தபோது, "மாமா, கொஞ்சம் இருங்க, மகள் கதவடியில நிக்கிறாள், கடைக்குக் கூட்டிட்டுப் போகணுமாம்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

கடைக்கு வந்த பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப முதல்ல கம்பனிக்குப் போன் பண்ணி வேலை எந்த இடத்தில எண்டு கேக்கிறேன் ஹாஜியார்" என்றார். அதுதான் சரியான தொடக்கம்.